கடலில் கிடப்பவர்களின் இடம்

நயினாதீவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்தது. 1153 முதல் 1186 வரை அவன் காலம். தொடக்க வரிகள் அழிந்துபோயின. மிஞ்சியதைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1960களில் படித்து வெளியிட்டார். பரதேசத்து வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது எங்கள் ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்கலாம், அவர்களுக்குக் காவல் உண்டு என்கிறது அந்தக் கல். பிறகு கப்பல் உடைவதைப் பற்றிப் பேசுகிறது. அரசனுக்கு யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் கெட்டால் கால் பங்கு பண்டாரத்துக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கு ஏற்றிவந்தது கெட்டால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு.

எவ்வளவு தெளிவான சட்டம். குதிரைக் கப்பலில் அரசன் ஏன் குறைவாக எடுத்தான் என்று யோசித்துப் பார்த்தேன். படைக்கு வேண்டிய மிருகத்தைக் கொண்டுவருகிறவன் ஒரு முறை நட்டப்பட்டாலும் மறுமுறை வர வேண்டும் என்ற எண்ணமாக இருக்கலாம். அப்படியானால் அதுவும் போர்க்கால ஏற்பாடுதான். போருக்கு வந்த கப்பல்கள் எங்கள் தீவுகளின் பாரில் மோதி உடைவது 12ஆம் நூற்றாண்டிலேயே சட்டம் எழுத வேண்டிய அளவுக்கு வழக்கமாக இருந்திருக்கிறது.

அந்தக் கல்லில் யானை உண்டு, குதிரை உண்டு, உடையவன் உண்டு, பண்டாரம் உண்டு. பாயை இழுத்தவன் இல்லை. கப்பல் உடைந்தபோது உயிரோடு கரையேறியவனுக்கு என்ன, ஏறாதவனின் வீட்டுக்கு யார் போய்ச் சொன்னார்கள் என்பதற்கு மிஞ்சிய வரிகளில் இடமில்லை.

*

ஊர்காவற்றுறையிலிருந்தும் வல்வெட்டித்துறையிலிருந்தும் பருத்தித்துறையிலிருந்தும் பாய்த்தோணிகள் நாகபட்டினத்துக்கும் இரங்கூனுக்கும் போய்வந்தன. தண்டையல் ஒருவர், கீழே சில கடலோடிகள். சோளகம் அடித்தால் ஒரு திசை, வாடை அடித்தால் மறு திசை. போன தோணி குறித்த பருவத்துக்குள் திரும்பவில்லை என்றால் ஒரு பருவம் பொறுப்பார்கள். அதற்கும் வரவில்லை என்றால் வீட்டில் தாலியைப் பற்றிப் பேச்சு எழும். எந்த நாளில் முடிவு செய்வது என்பதுதான் அந்த வீட்டின் பெரிய துயரம்.

சைவ வீடுகளில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரிக்கலாம். இறந்த திதி தெரியாவிட்டால் ஆடி அமாவாசையில் கீரிமலைக்குப் போய்த் தந்தைக்குத் தர்ப்பணம் கொடுக்கலாம். திதி தெரியாதவர்களுக்கென்று ஒரு நாளை ஒதுக்கிய சமூகத்துக்குக் கடலைப் பற்றி ஏதோ நன்றாகத் தெரிந்திருக்கிறது. கத்தோலிக்க வீடுகளில் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைக்குப் போய் மெழுகுதிரி ஏற்றுவார்கள். கல்லறை இல்லாதவருக்கும் பெரிய சிலுவையின் அடியில் ஒரு திரி வைக்கலாம்.

*

1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை. மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹெர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய முதற் கப்பல் அது என்பார்கள். யப்பானியர் வருகிறார்கள் என்று தெரிந்து முதல் நாள் இரவே திருகோணமலையை விட்டு வெளியேறிய கப்பல், விமானங்களைக் கரையில் விட்டுவிட்டுப் போயிருந்தது. தன்னைக் காக்க மேலே அனுப்ப ஒரு விமானமும் இல்லை. காலையில் 80க்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. கப்டன் றிச்சர்ட் ஒன்ஸ்லோவோடு 307 பேர் போனார்கள். கூட வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் ‘வம்பயர்’ அதே காலையில் மூழ்கியது, அதில் 9 பேர். ‘ஹொலிஹொக்’ என்ற சிறிய காவற் கப்பலில் 53 பேர். ‘விற்றா’ என்ற மருத்துவக் கப்பல் அந்த வழியாக வந்ததால் கடலில் மிதந்த சுமார் 600 பேர் தப்பினார்கள். விமானங்கள் மருத்துவக் கப்பலைத் தொடவில்லை. அந்த வாரத்தில் நடந்தவற்றில் இதை மட்டும் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

ஹெர்மிஸ் இன்று 50 மீற்றருக்குச் சற்று அதிகமான ஆழத்தில் ஒருக்களித்துக் கிடக்கிறது. போர்க்காலம் முழுவதும் அந்தக் கடலில் சுழியோட வழியில்லை. 2009க்குப் பிறகு வெளிநாட்டுச் சுழியோடிகள் தாராளமாக வருகிறார்கள். ஆழம் அதிகம் என்பதால் பயிற்சி உள்ளவர்கள்தான் இறங்கலாம். அது நல்லதுதான் என்று நினைக்கிறேன். அதன் பீரங்கிகள் இன்னும் இடத்தில் இருக்கின்றன என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

அந்த 307 பேருக்கும் பெயர் இருக்கிறது. போட்ஸ்மத், பிளிமத், சதம் முதலிய கடற்படை நினைவுத்தூண்களில், கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாதவர்களின் பட்டியலில் செதுக்கியிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் செய்த நல்ல காரியங்களில் ஒன்று இந்தப் பட்டியல் எழுதும் பழக்கம். ஆனால் அதிலும் வரிசை உண்டு. பிரித்தானிய வர்த்தகக் கப்பல்களில் கரி அள்ளிய, சமைத்த, சுக்கான் பிடித்த இந்திய மாலுமிகள் ஆயிரக்கணக்கில் அந்தப் போரில் செத்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 6,000 பேரின் பெயர்கள் கல்லில் இல்லை, ஒரு புத்தகத்தில் இருக்கின்றன. ஒரு பிரதி பம்பாயில், ஒரு பிரதி சிட்டகொங்கில். கல்லில் வெட்டியதை வழியில் போகிறவர் வாசிப்பார். புத்தகத்தை யாராவது கேட்டு வாங்கித் திறக்க வேண்டும். ஆனாலும் புத்தகம் இருக்கிறது. எங்கள் தோணிக்காரர்களுக்கு அதுவும் இல்லை.

நயினாதீவுக் கல்வெட்டின் கணக்கு இன்னும் முடியவில்லை. யாவாக் கடலில் 1942 பெப்ரவரி இறுதியில் மூழ்கிய டச்சுப் போர்க்கப்பல்களைத் தேடி 2016 நவம்பரில் சுழியோடிகள் இறங்கினார்கள். ‘டி றொய்ற்றர்’, ‘யாவா’ என்ற இரண்டும் கிடந்த இடத்தில் அவற்றின் உருவம் பதிந்த பள்ளம் மட்டும் இருந்தது. பழைய இரும்புக்காரர்கள் கப்பலை முழுதாக எடுத்துப்போய்விட்டார்கள். உள்ளே இருந்தவர்களையும் சேர்த்து. கடலடி மரபுச் சின்னங்களைக் காக்க யுனெஸ்கோ 2001இல் செய்த உடன்படிக்கை, குறைந்தது 100 ஆண்டு நீரில் கிடந்தவற்றைத்தான் காக்கும். ஹெர்மிஸ் அந்த வயதை எட்ட 2042 ஆக வேண்டும். இறந்தவர்களின் உறக்கத்துக்கு இவ்வளவு காலத் தவணை வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

*

இதே இந்து சமுத்திரத்தின் தென்கிழக்கு மூலையில் நடந்த ஒன்றைப் படித்த நாள் முதல் அது மனதை விட்டுப் போகவில்லை.

1941 நவம்பர் 19. ‘சிட்னி’ என்ற அவுஸ்திரேலியப் போர்க்கப்பல், வர்த்தகக் கப்பல் வேடமிட்டுத் திரிந்த ‘கோர்மொரான்’ என்ற ஜேர்மன் கப்பலைச் சந்தித்தது. கிட்டப் போய்விட்டது. இரண்டும் ஒன்றையொன்று அடித்து மூழ்கடித்தன. ஜேர்மன் கப்பலிலிருந்து 300க்கும் மேற்பட்டோர் தப்பினார்கள். சிட்னியில் இருந்த 645 பேரில் ஒருவரும் தப்பவில்லை.

ஆக, கப்பல் எங்கே போனது என்று தெரிந்தவர்கள் அதை மூழ்கடித்தவர்கள் மட்டுமே. கைதிகளான அவர்களை விசாரித்தார்கள், அவர்கள் இடத்தைச் சொன்னார்கள். அவர்களின் கப்டன் டெற்மேர்ஸ், ஓர் அகராதியில் எழுத்துகளின் கீழே சின்னச் சின்னப் புள்ளிகள் இட்டு, நடந்ததை இரகசியமாக எழுதிவைத்திருந்தார். ஆனால் 645 பேரும் செத்து, எதிரி மட்டும் தப்பியிருக்கும்போது அவன் சொல்வதை யார் நம்புவார்கள்? பல்லாண்டுகள் நம்பவில்லை. பொய் சொல்கிறார்கள், இடத்தை மறைக்கிறார்கள், தப்பியவர்களைச் சுட்டுக் கொன்றிருப்பார்கள் என்று எத்தனையோ கதைகள். துயரம் அப்படித்தான் கதை தேடும்.

2008இல் டேவிட் மேர்ன்ஸ் என்ற கடலடித் தேடலாளர் அந்த ஜேர்மனியரின் சொல்லை நம்பித் தேடினார். மார்ச் 12 அன்று கோர்மொரான், 16 அன்று சிட்னி. ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீற்றர் ஆழத்தில், அவர்கள் சொன்ன இடத்துக்கு வெகு தூரமில்லாமல் இரண்டும் கிடந்தன. 66 ஆண்டுகளாக அந்தச் சொல் கையிலேயே இருந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. 1942 பெப்ரவரியில் கிறிஸ்மஸ் தீவுக்கு ஒரு மிதவை ஒதுங்கியது. அதில் ஒரு மாலுமியின் உடல். தீவார் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். பெயர் தெரியாது. பின்னர் அந்தக் கல்லறை இருந்த இடமும் மறந்துபோனது. 2006இல் தேடிக் கண்டுபிடித்து எடுத்தார்கள். மரபணுவை வைத்து வேர் தேடி, 2021 நவம்பர் 19 அன்று, கப்பல் மூழ்கிச் சரியாக 80 ஆண்டு கழித்துப் பெயரை அறிவித்தார்கள்: தோமஸ் வெல்ஸ்பி கிளார்க், பிரிஸ்பேனைச் சேர்ந்தவர், வயது 21. பெற்றோர் என்றோ போய்விட்டார்கள். யாருக்காக இந்த வேலை என்று சிலர் கேட்டிருப்பார்கள். நான் கேட்கமாட்டேன்.

*

எங்கள் பக்கத்துக் கடலில் கிடந்தது கப்பல் அல்ல, விமானம். 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம். வன்னியில் சண்டை, ஏ-9 பாதை இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போக வானமும் கடலும்தான் வழி. பயணிகள் 48 பேர், பணியாளர் 7 பேர். புறப்பட்டுச் சிறிது நேரத்தில் தொடர்பு அறுந்தது. விடுதலைப் புலிகளின் ஏவுகணை பட்டு மன்னாருக்கு வடக்கே கடலில் விழுந்தது. பயணிகளில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். இதை எழுதும்போது கை தயங்குகிறது. தயங்குவதால்தான் எழுதுகிறேன். நம்மவர் கையால் இறந்த நம்மவர்களுக்கு ஊரில் விளக்கு ஏற்றுவது எப்போதும் கடினமாக இருந்திருக்கிறது.

14 ஆண்டுகள் அந்த வீடுகளுக்கு ஒரு தகவலும் இல்லை. யாரோ எங்கோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கை சில வீடுகளில் நெடுங்காலம் இருந்தது. 2012 ஒக்டோபரில் இரணைதீவுக்கு அருகே கடலடியில் சிதைவுகளைக் கடற்படையினர் கண்டார்கள். கைதான ஒருவரிடமிருந்து கிடைத்த தகவல் வழிகாட்டியது. இங்கும் இடம் தெரிந்தவர்கள் வீழ்த்திய பக்கத்தில் இருந்தவர்கள்தான். 2013 மே மாதம் சுழியோடிகள் இறங்கி எச்சங்களை எடுத்தார்கள்.

2014 ஜனவரியில், எடுத்த உடுப்புகளையும் பொருள்களையும் யாழ்ப்பாணத்தில் காட்சிக்கு வைத்து உறவினர்களை அழைத்தார்கள். அடையாளம் காட்டுவதற்காக.

பருத்தி உப்புநீரில் உக்கிப்போகும். பொலியெஸ்ரர் கிடக்கும். நைலோன் கிடக்கும். நாளும் பொழுதும் மலிவென்று வாங்கி உடுத்தியதுதான் இறுதியில் சாட்சி சொல்ல மிஞ்சுகிறது. ஒரு தாய் அந்த மேசைகளுக்கு முன்னால் நிற்பதை நினைத்துப் பாருங்கள். பயணம் போன அன்று மகள் என்ன உடுத்தியிருந்தாள் என்பதை 15 ஆண்டு நெஞ்சில் வைத்திருந்தவள் அவள். நிறத்தைக் கடல் எடுத்திருக்கும். ஆனால் இடுப்பைப் பிடித்துத் தைத்த தையலும், அறுந்த இடத்தில் வேறு நிறத்தில் மாற்றிய பொத்தானும் வீட்டுக் கைவேலை. அதை வேறு யாராலும் அடையாளம் சொல்ல முடியாது. கண்டுபிடிப்பு என்று செய்தி போட்டது 2012இல். அந்தத் தாய்க்கு அது 2014 ஜனவரியில், ஒரு மேசையின் முன்னால்.

விமானம் பெலாரஸ் நாட்டிலிருந்து வாடகைக்கு வந்தது, ஓட்டிய கப்டனும் அந்த நாட்டவர். எங்கள் சண்டை எதைப் பற்றியது என்று அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? கூலிக்கு வந்தார், எங்கள் சனத்தை ஏற்றிப்போனார், எங்கள் கடலில் கிடந்தார். ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளுக்குக் காவல் உண்டு என்ற அந்தப் பழைய கல்லை நினைத்து வெட்கப்பட்டேன்.

*

மே 15. நெடுந்தீவு மாவலித் துறையில் குமுதினியின் நினைவு நாள்.

1985 மே 15 காலை நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகை நடுக்கடலில் கடற்படையினர் மறித்து ஏறினார்கள். ஆசிரியர்கள், அரச ஊழியர்கள், பெண்கள், பிள்ளைகள் என்று அன்றாடம் தீவு கடப்பவர்கள்தான் அதில் இருந்தார்கள். குறைந்தது 23 பேர் கொல்லப்பட்டதாகச் சர்வதேச மன்னிப்புச் சபை சொன்னது. ஊர் எண்ணுவது 30ஐத் தாண்டும். ஒரு கைக்குழந்தையும் அதில் உண்டு. உயிர் தப்பியவர்கள் சொன்னதில் ஒன்று என்னால் தாங்க முடியாதது. ஒவ்வொருவராக அழைத்துப் பெயர், வயது, போகுமிடம் எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னவரை உள்ளே கொண்டுபோய் வெட்டினார்கள். வெளியே இருந்தவர்களுக்குக் கேட்டது பெயர்கள்தான்.

இதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. குமுதினி மூழ்கவும் இல்லை. பழுது பார்த்து மறுபடியும் அதே துறைகளுக்கிடையே பல ஆண்டுகள் ஓடியது. கழுவின பலகையில் அதே ஊர்ச்சனம் ஏறி உட்கார்ந்து பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனது. வேறு படகு இல்லை, போகாமலும் முடியாது. வடதாரகை, நெடுந்தாரகை எல்லாம் பின்னால் வந்தவை.

அன்று அந்தப் படகைச் செலுத்தியவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. சுக்கானில் நின்றவர், இயந்திர அறையில் இருந்தவர், கயிறு எறிந்தவர். பயணிகளைப் பத்திரமாக அடுத்த துறையில் இறக்குவது அவர்கள் பொறுப்பு. மறித்தபோது படகை நிறுத்தியதும் அவர்கள்தான், நிறுத்தாமல் வேறென்ன செய்திருக்க முடியும்? இந்தத் தீவுகளில் படகோடிகளுக்கு எல்லாச் சனத்தையும் முகம் தெரியும். யார் எந்தத் துறையில் இறங்குவார், யார் மூட்டையோடு வருவார், யாருக்கு அலை என்றால் தலை சுற்றும் என்பதுவரை தெரியும். ஒவ்வோர் ஆண்டும் மாவலித் துறையில் நினைவுகூரும்போது, கூட்டத்தின் ஓரத்தில் சரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு படகுக்காரர் சிலர் நிற்பதைக் காண்கிறேன். வழியில் தங்கள் கையில் இருந்தவர்களை அவர்கள் எப்படி நினைக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்க வேண்டும்.

*

பட்டியலே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். 1983க்குப் பிறகு இராமேஸ்வரத்துக்கு அகதிகளாகப் போன படகுகளில் எல்லாம் போய்ச் சேரவில்லை. இரவில், விளக்கில்லாமல், தாங்கக்கூடியதைவிட அதிகமாக ஏற்றிப் போனவை. சிலவற்றை அலை கவிழ்த்தது. சிலவற்றை ஓட்டிகள் நடுவில் மணல் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். இந்தப் பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பக்கத்து முகாமில் இருப்பார்கள் என்றிருந்தார்கள். அந்தப் பக்கத்து உறவினர் இவர்கள் புறப்படவே இல்லை என்றிருந்தார்கள். இரண்டு கரையும் மற்றக் கரையை நம்பியிருந்ததால் அழுவதற்கே ஆளில்லாமல் போனவர்கள் அவர்கள். மீன்பிடிக்கப் போய் வராதவர்கள் வேறு. கடலில் வைத்துப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் வேறு.

அவர்கள் கிடக்கும் இடம் ஒருவருக்கும் தெரியாது என்று சொல்லுகிறோம். சிட்னியும் இரணைதீவும் எனக்குச் சொன்னது வேறு. யாருக்கோ தெரியும். சுட்டவருக்குத் தெரியும், பார்த்துக்கொண்டு நின்றவருக்குத் தெரியும். வலை கொழுவும் இடத்தில் ஏன் கொழுவுகிறது என்று மீனவருக்குத் தெரியும். சங்கு குளிக்கிறவருக்கும் அட்டை பிடிக்கிறவருக்கும் அடியில் கண்டது தெரியும். சொன்னால் விசாரணை வருமோ என்ற பயம் ஒரு பக்கம், யார் பக்கம் என்று ஊர் கேட்குமே என்ற பயம் மறு பக்கம். அந்த இரண்டு பயத்தையும் குறைக்கும் வழி இருந்தால் பல வீடுகளுக்கு இன்னும் செய்தி போய்ச் சேரலாம். அகராதியில் புள்ளி வைத்த அந்த மனிதனைப்போல யாராவது எங்காவது எழுதிவைத்திருக்கவும் கூடும். அவர் நமக்கு எதிரியாகவும் இருக்கலாம். அவர் சொல்வதையும் கேட்க நாம் தயாராக வேண்டும்.

தீவுக்கு ஒன்றாக ஒரு கொப்பி போதும், தொடங்கலாம். பெயர், தகப்பன் பெயர், ஏறிய படகு அல்லது தோணி அல்லது விமானம், புறப்பட்ட துறை, கடைசியாகக் கண்ட நாள், என்ன உடுத்தியிருந்தார், உடல் கிடைத்ததா, கிடைக்காவிட்டால் வீட்டில் எந்த நாளில் படைக்கிறார்கள். தோணி உடையவர்களின் வீடுகளில் பழைய கணக்குப் புத்தகங்கள் கறையான் தின்னாமல் இன்னும் சில இருக்கின்றன. அவற்றில் கடலோடிகளுக்குக் கொடுத்த முற்பணம் பெயரோடு எழுதியிருக்கும். ஊர்காவற்றுறையில் அந்த வீடுகளிலிருந்து தொடங்குவது நல்லது. கணக்குப் பார்க்கத் தெரிந்த கிழவர்கள் சிலர் இருக்கும்போதே.